துரைப் பதவியை உதறிய ஜார்ஜ் ஆர்வெல்



தோட்டத்துத் துரையைக் கண்டால் நம் பாட்டன்மார் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்றிருந்த காலத்தை வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்தத் துரைமார் இனத்திலேயே பிறந்து, அதிகாரத்தையும் சம்பளத்தையும் வேண்டாம் என்று உதறிவிட்டு, ஏழைகளோடு போய்த் தங்கிய ஒரு வெள்ளைக்காரரின் கதையை இங்கே சொல்லப் போகிறேன். அவர்தான் ஜார்ஜ் ஆர்வெல்.

இருபதாம் நூற்றாண்டு ஆங்கில இலக்கியத்தைப் புரட்டிப் போட்டுவிட்டது. 1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலகப் போரில் வில்பிரட் ஓவன் என்ற கவிஞர், போர் நிற்பதற்குச் சரியாக ஒரு வாரம் இருக்கையில், 25 வயதில் குண்டடிபட்டு மாண்டார். போர்க்களத்தின் சேற்றையும் நச்சுப் புகையையும் பாடிய கவிஞர் அவர். அதன்பின் வீரம், புகழ் என்று பழைய பாட்டையே பாடிக்கொண்டிருக்க எழுத்தாளர்களுக்கு மனம் வரவில்லை. வந்த காலமும் லேசான காலமா? பஞ்சம், வேலையில்லாத் திண்டாட்டம், சர்வாதிகாரம், மறுபடியும் போர்! அத்தனையையும் தம் உடம்பிலேயே பட்டு அனுபவித்து எழுதியவர் ஆர்வெல்.

அவருடைய இயற்பெயர் எரிக் ஆர்தர் பிளேர். பிறந்தது எங்கே தெரியுமா? இந்தியாவில், பீகார் மாநிலத்து மோதிஹாரி என்ற ஊரில், 25-6-1903 அன்று. தகப்பனார் ஆங்கில அரசாங்கத்தின் அபின் இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர். மறு ஆண்டே தாயார் குழந்தையை இங்கிலாந்துக்குக் கொண்டுபோய்விட்டார். பையன் படிப்பில் கெட்டிக்காரன். உபகாரச் சம்பளம் பெற்று, பெரிய இடத்துப் பிள்ளைகள் படிக்கும் ஈட்டன் பள்ளியில் சேர்ந்தான். ஆனால் பல்கலைக்கழகம் போகவில்லை. 1922-இல், 19 வயதில், பர்மாவுக்குப் போலீஸ் அதிகாரியாகப் போய்ச் சேர்ந்தார்.

அங்கேதான் அவர் மனம் மாறியது. பிறர் நாட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு, அந்த நாட்டு மக்களையே அடித்துச் சிறையில் போடுவது நியாயந்தானா என்ற கேள்வி அவரைக் குடைந்தது. பிற்காலத்தில் அவர் எழுதிய ஒரு கட்டுரையில் ஒரு போலீஸ் அதிகாரி வருகிறார். மதம் தெளிந்து அமைதியாக நிற்கும் யானையைச் சுட அவருக்கு விருப்பமே இல்லை. ஆனாலும் பின்னால் கூடி நிற்கும் கூட்டம் தன்னைப் பார்த்துச் சிரித்துவிடுமோ என்ற பயத்தில் சுட்டுவிடுகிறார். அடக்கி ஆள்கிறவனும் ஒரு வகையில் அடிமைதான் என்பது அந்தக் கதையின் கருத்து.

1927-இல் விடுமுறைக்கு ஊர் திரும்பிய ஆர்வெல், வேலையை ராஜினாமா செய்தார். குடும்பத்தார் திகைத்துப் போனார்கள். நல்ல சம்பளம், கௌரவமான பதவி! யார்தான் விடுவார்கள்? அவர் விட்டார். கந்தல் துணி உடுத்திக்கொண்டு இலண்டன் நாடோடிகளோடு சுற்றினார். பாரிஸ் நகரத்து ஓட்டலில் எச்சில் தட்டுக் கழுவினார். அந்த அனுபவங்களை எழுதிய முதல் புத்தகம் 1933-இல் வெளிவந்தது. ஆர்வெல் என்பது இங்கிலாந்தில் ஓடும் ஓர் ஆற்றின் பெயர். அதையே தம் புனைபெயரில் சேர்த்துக்கொண்டார்.

உழைக்கும் பெற்றோர்களே, அடுத்த சேதி உங்களுக்கானது. 1936-இல் வட இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கப் பகுதிகளுக்குப் போனார். சும்மா எட்டிப் பார்த்துவிட்டு வரவில்லை. தொழிலாளர் வாழும் பகுதிகளிலேயே வாடகைக்குத் தங்கினார். சுரங்கத்துக்குள் இறங்கிக் குனிந்தபடியே நடந்து முதுகு ஒடிந்தார். அவர்களுடைய சம்பளச் சீட்டையும் வாங்கிப் பார்த்துக் கணக்குப் போட்டார். விளக்குக்கு வாடகை, கருவி தீட்டக் காசு, காப்புறுதிப் பணம் என்று எத்தனை பிடித்தம்! கரி வெட்டும் இடத்துக்குப் பூமிக்கடியில் நடந்து போகும் நேரத்துக்குக் கூலியே கிடையாது. வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாத இந்தச் சங்கதிகளை 1937-இல் புத்தகமாக்கினார். பிடித்தம் போக மிச்சம் எவ்வளவு என்று சம்பள நாளில் எண்ணிப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை புரியும்.

அதற்குள் ஸ்பெயின் நாட்டில் உள்நாட்டுப் போர் மூண்டுவிட்டது. சர்வாதிகாரத்தை எதிர்க்க 1936 டிசம்பரில் துப்பாக்கி தூக்கப் போனார். 1937 மே மாதம் எதிரியின் தோட்டா அவர் தொண்டையைத் துளைத்தது. மயிரிழையில் உயிர் தப்பினார். ஆனால் அதைவிடப் பெரிய காயம் பின்னால் வந்தது. ஒரே பக்கம் நின்று போராடியவர்களே ஒருவரையொருவர் துரோகி என்று பொய்ப் பழி சுமத்திச் சிறையில் அடைத்தார்கள். நடக்காத சண்டைகளைப் பத்திரிகைகள் நடந்ததாக எழுதின. ஆர்வெலும் மனைவியும் எல்லை தாண்டித் தப்பினார்கள். கண்டதை உள்ளபடி எழுதினார். 1,500 பிரதிகள் அச்சிட்டார்கள். அவர் சாகும்வரை அவைகூட முழுதாக விற்கவில்லை. உண்மைக்கு உடனே கிராக்கி இருப்பதில்லை, பார்த்தீர்களா?

இரண்டாம் உலகப் போரில் அவர் பிபிசி வானொலியின் கீழை நாட்டுப் பிரிவில் 1941 முதல் 1943 வரை வேலை செய்தார். நம் நாட்டுக்கும் அவருக்கும் உள்ள தொடர்பு இதுதான். 15-2-1942 அன்று சிங்கப்பூர் விழுந்தது. ஜப்பான்காரன் காலத்தில் இங்கே வெளிநாட்டு வானொலி கேட்பதே பெருங்குற்றம். அந்த நாளில் மலாயாவுக்கென்று இலண்டனிலிருந்து போன ஆங்கிலச் செய்தி விமர்சனங்களை எழுதியவர்களில் ஆர்வெலும் ஒருவர். இந்தியாவுக்காக அவர் எழுதியவற்றில் சில தமிழிலும் மொழிபெயர்த்து ஒலிபரப்பப்பட்டன. தணிக்கையும் பிரசாரமும் எப்படி நடக்கின்றன என்பதை அவர் உள்ளேயிருந்தே கண்டுகொண்டார்.

பிறகு அவர் எழுதிய சின்னக் கதைதான் விலங்குப் பண்ணை. கொடுமைக்கார முதலாளியை விரட்டிவிட்டு மிருகங்களே பண்ணையை நடத்துகின்றன. நாளடைவில் பன்றிகள் முதலாளியாகிவிடுகின்றன. சுவரில் எழுதிய சட்டங்கள் இரவோடு இரவாக மாறுகின்றன. படிப்பறிவு இல்லாத மிருகங்களுக்கு மாற்றம் புரிவதில்லை! சோவியத் ரஷ்யாவில் நடந்ததையே இப்படிக் கதையாக்கினார். அப்போது ரஷ்யா பிரிட்டனுக்கு நேச நாடு. அதனால் பதிப்பாளர் பலர் கையை விரித்துவிட்டார்கள். விமானக் குண்டு விழுந்து இடிந்த வீட்டிலிருந்து கையெழுத்துப் பிரதியை மீட்க வேண்டியும் வந்தது. 1945 ஆகஸ்டில் புத்தகம் ஒருவழியாக வெளிவந்தது. ஆனால் அந்த மகிழ்ச்சியைப் பகிர்ந்துகொள்ள மனைவி ஐலீன் இல்லை. அந்த ஆண்டு மார்ச் மாதமே அறுவைச் சிகிச்சையின்போது இறந்துவிட்டார். தத்தெடுத்த ஆண்குழந்தையோடு ஆர்வெல் தனித்து நின்றார்.

காசநோய் அவரை அரித்துக்கொண்டிருந்தது. ஸ்காட்லாந்தின் ஜூரா தீவில், படுக்கையில் கிடந்தபடியே கடைசி நாவலைத் தாமே தட்டச்சு செய்து முடித்தார். 1984 என்ற ஆண்டில் நடப்பதாகக் கற்பனை செய்த அந்த நாவல் 1949 ஜூனில் வெளியானது. அதில் வரும் ஆட்சி வீட்டுக்குள்ளேயே மக்களைக் கண்காணிக்கிறது. பழைய பத்திரிகைகளைத் திருத்தி எழுதுகிறது. அகராதியிலிருந்து சொற்களை ஒவ்வொன்றாக எடுத்துவிடுகிறது. ஏன்? சொல் இல்லாவிட்டால் அந்த எண்ணமும் வராது. நியாயம் என்ற சொல்லே தெரியாதவன் நியாயம் கேட்பானா?

21-1-1950 அன்று, 46 வயதில், இலண்டன் மருத்துவமனையில் ஆர்வெல் காலமானார். கல்லறையில் இருப்பது எரிக் ஆர்தர் பிளேர் என்ற இயற்பெயர் மட்டுமே. ஆனால் அவர் போட்ட பாதையில் பலர் நடந்தார்கள். கோலகங்சார் மலாய்க் கல்லூரியில் ஆசிரியராக இருந்து, மலாயாவைப் பற்றி மூன்று நாவல்கள் எழுதிய அந்தோணி பர்ஜெஸ், ஆர்வெலுக்குப் பதில் சொல்வதுபோல் 1978-இல் 1985 என்றே ஒரு புத்தகம் எழுதினார்.

மாணவச் செல்வங்களே, ஆர்வெல் கடினமான சொற்களை விரும்பியவர் அல்ல. எளிய சொல் போதும் என்றிருக்கும்போது பெரிய சொல்லைத் தேடுவது உண்மையை மறைக்கத்தான் உதவும் என்று எண்ணியவர். இன்று பரிசு வாங்கும் கைகள் நாளை பேனா பிடிக்கும். கண்ணால் கண்டதை, கண்டபடி, எல்லோருக்கும் விளங்கும் தமிழில் எழுதப் பழகுங்கள். பெற்றோர்களே, பிள்ளை படிக்கும் ஒவ்வொரு சொல்லும் அவனுக்கு ஒரு கண். சுவரில் எழுதிய சட்டத்தை யாராவது இரவில் மாற்றினால், மறுநாள் காலையில் அதைப் படித்து, இது நேற்று இருந்தது அல்லவே என்று சொல்ல நம் வீட்டில் ஒரு பிள்ளையாவது இருக்கட்டும்.