கர்சரை மூட மறந்தா சர்வர் ஏன் திணறுது? பதில் ஒரு முன்னாள் விமானியின் கதையில் இருக்கு!

ஐ.டி-யில் இருக்கும் பலரும் பார்த்திருக்கும் சிக்கல் இது. எங்கேயோ இருக்கும் சர்வரோடு கனெக்‌ஷன் போட்டு, டேட்டாவை வரிவரியாக எடுக்க கர்சர் திறக்கிறோம். வேலை முடிந்ததும் மூட மறந்தால்? நம்ம பக்கம் எதுவும் தெரியாது. அந்தப் பக்கம் மெமரி வீணாகும், சில நேரம் லாக்கும் விடுபடாது. ஆரக்கிளில் ஓ.ஆர்.ஏ-01000 எரர் வந்து நிற்கும். இதன் வேரைத் தேடினால் எட்கர் எஃப். காட் வரை போகணும்.

யார் இவர்?

1923 ஆகஸ்ட் 19-ல் இங்கிலாந்தின் போர்ட்லாந்தில் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் கணிதமும் வேதியியலும் படித்தார். இரண்டாம் உலகப்போரில் பிரிட்டன் விமானப்படை விமானி. 1948-ல் நியூயார்க் போய் ஐ.பி.எம்-மில் சேர்ந்தார். 1953-ல் செனட்டர் மெக்கார்த்தியின் கம்யூனிஸ்ட் வேட்டை பிடிக்காமல் கனடாவுக்குக் கிளம்பிவிட்டார். பிறகு அமெரிக்கா திரும்பி, 40 வயதைத் தாண்டிய நிலையில் 1965-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கினார்.

என்ன மாற்றினார்?

அப்போதெல்லாம் ஒரு தகவல் வேணும்னா, அது இருக்கும் பாதை தெரிந்து, புரோகிராமரே ஒவ்வொரு ரெக்கார்டாகத் தேடிப் போகணும். 1970-ல் வெளியான கட்டுரையில் காட் இதைத் தலைகீழாக்கினார். டேட்டாவை அட்டவணைகளாக வைத்து, என்ன வேணும்னு மட்டும் கேட்டால் போதும். எப்படி எடுப்பது என்பது கம்ப்யூட்டரின் கவலை.

ஆனால், ஐ.பி.எம் அவசரப்படவில்லை. அதன் பழைய ஐ.எம்.எஸ் டேட்டாபேஸ் நல்லா விற்றுக்கொண்டிருந்தது. சான் ஹோசேவில் இருந்த அதன் ஆய்வுக்கூடத்தில் சேம்பர்லினும் பாய்ஸும் எஸ்.க்யூ.எல் மொழிக்கு அடித்தளம் போட்டார்கள். காட்டுக்கு அதில் முழுத் திருப்தி இல்லை. பின்னாளில் ஆரக்கிள் எனப் பெயர் மாறிய சின்ன நிறுவனம், 1979-லேயே தன் தயாரிப்பைச் சந்தைக்குக் கொண்டுவந்து முந்திக்கொண்டது. 1981-ல் காட்டுக்கு டியூரிங் விருது கிடைத்தது.

கர்சர் எங்கே வருது?

எஸ்.க்யூ.எல் விடையை மொத்தமாகத் தரும். கோபால் போன்ற மொழிகளோ ஒரு நேரத்தில் ஒரு வரியைத்தான் கையாளும். நடுவில் போட்ட பாலம்தான் கர்சர். காட் ஒழிக்க நினைத்த வரிவரி நடை, இந்த வழியாகத் திரும்ப உள்ளே வந்துவிட்டது.

1985-ல் அவர் வெளியிட்ட 12 விதிகளில் 11-வது, டேட்டா பல இடங்களில் பரவியிருந்தாலும் புரோகிராமை மாற்றத் தேவையிருக்கக் கூடாது என்கிறது. வசதிதான். ஆனால், தூரம் கண்ணுக்குத் தெரியாததால்தான் மூடுவதும் மறந்துபோகிறது. கனெக்‌ஷன் பூல் இருந்தால் இன்னும் கவனம் தேவை. கனெக்‌ஷன் பூலுக்குத் திரும்பினாலும் சர்வரில் அது உயிரோடுதான் இருக்கும். மூடாத கர்சரும் கூடவே தங்கிவிடலாம்.

அதனால், எரர் வந்தாலும் கட்டாயம் ஓடும் ஃபைனலி பகுதியில் கர்சரை மூடுங்க. முடிந்தால் காட் விரும்பிய மாதிரி, ஒரே கேள்வியில் மொத்த வேலையையும் சர்வரிலேயே முடிங்க.

காட் 2003 ஏப்ரல் 18-ல் ஃப்ளோரிடாவில், 79 வயதில் காலமானார். பேங்க் பேலன்ஸ் முதல் டிக்கெட் புக்கிங் வரை, இன்னைக்கும் பெரும்பாலும் அவர் போட்ட அட்டவணைக் கணக்கில்தான் ஓடுது.