மன்னிக்கத் தெரிந்த குமாஸ்தா

வங்காளத்தில் ஹூக்ளி மாவட்டத்தைச் சேர்ந்த தேவானந்தபூர் கிராமத்தில் 1876 செப்டம்பர் 15-ந் தேதி பிறந்தவர் சரத் சந்திர சட்டர்ஜி. தந்தை மோதிலாலுக்கு எந்த வேலையும் நிலைக்கவில்லை. கதை எழுதுவார், எதையும் முடிக்க மாட்டார். பாகல்பூரில் தாய்மாமன் வீட்டில் வளர்ந்த சரத் சந்திரர், பரீட்சைக் கட்டணம் கட்ட வழியின்றிக் கல்லூரிப் படிப்பை நிறுத்தினார்.

1903-ல் பிழைப்புத் தேடி ரங்கூனுக்குக் கப்பல் ஏறினார். சர்க்கார் கணக்கு அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. மிஸ்திரிகளும் கூலிகளும் வாழ்ந்த பகுதியில் ஜாகை. நோய் என்று வந்தவர்களுக்கு ஹோமியோபதி மருந்து கொடுப்பார். அங்கே சாந்தி என்ற பெண்ணை மணந்தார். பிளேக் நோய் மனைவியையும் கைக்குழந்தையையும் கொண்டுபோயிற்று. 1912-ல் வீடு தீப்பற்றியதில் 'சரித்திரஹீன்' நாவலின் கைப்பிரதி சாம்பலாயிற்று. அதை மறுபடி எழுதினார்! மெஸ்ஸில் வேலை பார்க்கும் விதவையை உயர்வாகக் காட்டிய அந்த நாவலை, ஒழுக்கக்கேடு என்று ஒரு பத்திரிகை வெளியிட மறுத்தது.

நம்மவர்களுக்கு அவர் பெயரைச் சொன்னால், 1953-ல் நாகேஸ்வர ராவும் சாவித்திரியும் நடித்த 'தேவதாஸ்' படம்தான் நினைவுக்கு வரும். ஆனால் அவருடைய நெஞ்சை அறிய 1916-ல் நூலாக வந்த 'பல்லீ சமாஜ்' நாவலைப் படிக்க வேண்டும். கிராம சமூகம் என்று பொருள்.

படித்துவிட்டு ஊர் திரும்பும் ரமேஷ், கிராமத்துக்கு நல்லது செய்ய முயல்கிறான். சிறுவயதுத் தோழி ரமா இப்போது விதவை. மனத்தில் அன்பு இருந்தும், ஊர் வாய்க்கு அஞ்சி அவனுக்கு எதிராகக் கோர்ட்டில் சாட்சி சொல்கிறாள். அவன் சிறைக்குப் போகிறான். திரும்பி வந்தவனிடம், நோயில் மெலிந்த ரமா மன்னிப்புக் கேட்கிறாள். தன் தம்பியை அவன் பொறுப்பில் விட்டுவிட்டுக் காசிக்குப் புறப்படுகிறாள். ரமேஷ் மன்னித்துவிட்டான், ஊர் மன்னிக்குமா? இருவரையும் ஆசிரியர் சேர்த்து வைக்கவில்லை. அவருக்குத் துணிவு போதவில்லை என்று சிலர் குறை சொல்லலாம். அந்நாளைய கிராமத்தில் நடக்காததை நடந்ததாக எழுத அவர் மனம் ஒப்பவில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது.

அதே 1916-ல் வேலையை விட்டுத் தாயகம் திரும்பினார். நாவல்கள் அவருக்குச் சோறு போட்டன. பின்னர் ரூப்நாராயண் ஆற்றங்கரையில் சாம்தா கிராமத்தில் வீடு கட்டிக் குடியேறினார். 1938 ஜனவரி 16-ந் தேதி கல்கத்தாவில் காலமானார்.