இராணி மங்கம்மாள்: தாயுள்ளத்தோடு ஆண்ட அரசி

பொன்விழா மலரில் புனிதர் ஒருவருடைய வரலாற்றை எதிர்பார்த்துப் பக்கத்தைத் திருப்புவோருக்கு இத்தலைப்பு சற்று வியப்பளிக்கலாம். இராணி மங்கம்மாள் நம் மறையைச் சேர்ந்தவர் அல்லர். எனினும் அவரைப் பற்றி இங்கே எழுதுவதற்கு நமக்குக் காரணம் உண்டு. தேனி மாவட்டம் மதுரையிலிருந்து பிரிந்தது 1996-இல்தான். அதற்கு முன்பும், அதற்கும் வெகுகாலம் முன்பும், இக்கம்பம் பள்ளத்தாக்கு மதுரையையே தலைமையாகக் கொண்டிருந்தது. போடிநாயக்கனூர், கோம்பை, தேவாரம் ஆகியவை மதுரை நாயக்கர் அரசின் பாளையப்பட்டுகள். நம் முன்னோர் கட்டிய வரி அவ்வரசுக்குத்தான் போய்ச் சேர்ந்தது. ஏறக்குறைய 17 ஆண்டுகள், 1689 முதல் 1706 வரையில், அவ்வரசின் பொறுப்பு ஒரு பாட்டியின் கையில் இருந்தது.

பொறுத்திருத்தல், பேணுதல், பிறர் பசியறிதல், பிள்ளைகளுக்குள் சண்டை மூளாமல் பார்த்துக்கொள்ளுதல் ஆகியவற்றைப் பெண்களுக்குரிய குணங்கள் என்று வீட்டோடு ஒதுக்கிவிட்டு, தலைமைக்கு அதட்டலும் மிடுக்குமே போதும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். மங்கம்மாளின் வாழ்க்கை இவ்வெண்ணத்துக்கு நேர் எதிராக நிற்கிறது.

மங்கம்மாள் தளபதி லிங்கம நாயக்கரின் மகள். மதுரையை ஆண்ட சொக்கநாத நாயக்கருக்கு வாழ்க்கைப்பட்டார். 1682-இல் கணவர் இறந்தார். அக்கால அரச குடும்பங்களில் கணவனின் சிதையில் மனைவி உடன்கட்டை ஏறுவது பெருமையாகக் கருதப்பட்டது. மங்கம்மாள் ஏறவில்லை. வளர்ந்துகொண்டிருந்த மகன் அரங்ககிருஷ்ண முத்துவீரப்பனுக்காக உயிரோடு இருப்பதே தம் கடமை என்று கொண்டார். அம்மகனும் ஏழே ஆண்டுகள் ஆண்டு, 1689-இல் அம்மை கண்டு மாண்டான். மருமகள் அப்போது கருவுற்றிருந்தாள். பிள்ளை பிறக்கும்வரை அவளை எப்படியோ தடுத்துவைத்தார் மாமியார். ஆனால் பிள்ளை பிறந்தபின் அவள் தன் உயிரை மாய்த்துக்கொண்டாள் என்று சொல்லப்படுகிறது.

கணவன் இல்லை, மகன் இல்லை, மருமகளும் இல்லை. கையில் ஒரு பச்சிளங் குழந்தை. மூன்று மாதமே நிரம்பிய அக்குழந்தைக்கு விஜயரங்க சொக்கநாதன் என்று பெயரிட்டு முடிசூட்டி, அதன் பெயரால் அரசியார் ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். ஒரு புறம் தொட்டிலையும் மறு புறம் நாட்டையும் அவர் காக்க வேண்டியிருந்தது.

நாடு அப்போது எந்நிலையில் இருந்தது? வடக்கே ஔரங்கசீப்பின் படைத்தலைவர் சுல்பிகர் கான் செஞ்சிக் கோட்டையை வளைத்து நின்றார். மேற்கே மைசூர், கிழக்கே தஞ்சை மராத்தியர், தெற்கே திருவிதாங்கூர், பக்கத்திலேயே அடங்காத இராமநாதபுரம். வீறாப்புப் பேசும் மன்னன் ஒருவன் அவ்விடத்தில் இருந்திருந்தால் வாளை உருவியிருப்பான். செஞ்சிக்கு நேர்ந்தது திருச்சிராப்பள்ளிக்கும் நேர்ந்திருக்கும். அரசியார் மொகலாயருக்குத் திறை செலுத்தினார். விலையுயர்ந்த பரிசுகளை அனுப்பி, அவர்களுடைய துணையாலேயே தஞ்சையார் பிடித்துவைத்திருந்த சில இடங்களையும் திரும்பப் பெற்றார். இதைக் கோழைத்தனம் என்பாரும் உண்டு. வீட்டில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு வாசலில் நிற்கும் கடன்காரனிடம் தணிந்து பேசி அனுப்பும் தாயை யாரும் கோழை என்பதில்லை.

தணிந்து போனார் என்றவுடன் அவர் எதற்கும் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றார் என்று எண்ணிவிட வேண்டாம். 1697-இல் திருவிதாங்கூரிடம் திறை வாங்கச் சென்ற மதுரைப் படை அழிந்தபோது, தளவாய் நரசப்பையாவின் தலைமையில் வேறு படையை அனுப்பி வென்றார். 1700-இல் எல்லைக் கிராமங்களைக் கொள்ளையிட்ட தஞ்சையையும் அவருடைய தளவாய் பணியவைத்தார். அதே காலத்தில் மைசூர் மன்னர் சிக்கதேவராயர் காவிரிக்குக் குறுக்கே அணையெழுப்பவே, கீழே திருச்சியும் தஞ்சையும் தண்ணீரின்றித் தவித்தன. நேற்று வரை எதிரியாக இருந்த தஞ்சையோடு மங்கம்மாள் உடனே கைகோத்தார். இரு நாட்டுப் படைகளும் புறப்படுமுன் காவிரியின் வெள்ளமே அணையை உடைத்துவிட்டது என்பது வேறு. 1895-இல் முல்லைப் பெரியாற்று நீர் இறங்கிய பிறகே முழுதும் பசுமை கண்ட நம் பள்ளத்தாக்கில் இதன் அருமையை விளக்க வேண்டியதில்லை. வாய்க்கால் தண்ணீருக்காகப் பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்ட பங்காளிகள் நம் ஊர்களில் எத்தனை பேர்!

ஆயினும் மக்கள் அவரை நினைவில் வைத்திருப்பது போர்களுக்காக அல்ல. மதுரையிலிருந்து கன்னியாகுமரி நோக்கிச் செல்லும் பாதைக்கு மங்கம்மாள் சாலை என்றே பெயர் வழங்கியது. வழிநெடுக நிழல்மரங்கள், கிணறுகள், தண்ணீர்ப் பந்தல்கள், உண்டு உறங்கச் சத்திரங்கள். அரண்மனைக்கும் படைக்கும் பணம் செலவிடுவதே அரசு என்றிருந்த நாளில், நடந்து செல்பவனுக்கு எந்த இடத்தில் கால் சுடும், எந்த இடத்தில் தாகம் எடுக்கும், பிள்ளையைத் தூக்கிவரும் பெண் எங்கே இறக்கி வைப்பாள் என்றெல்லாம் எண்ணிப் பார்த்திருக்கிறார். அடுப்படியில் நின்று, யார் உண்டார், யார் இன்னும் உண்ணவில்லை என்று கணக்கு வைத்துப் பழகிய மனத்துக்குத்தான் இக்கணக்கு எளிதில் வரும்.

இதற்கு ஒரு கதையும் கட்டிவிட்டார்கள். ஒருநாள் அரசியார் மறதியாக இடக்கையால் வெற்றிலை போட்டுக்கொண்டாராம். அப்பாவம் தீரவே சாலையும் சத்திரமும் அமைத்தாராம். மன்னர்கள் அறம் செய்தால் அவர்களுடைய வள்ளன்மை என்று பாடுகிறார்கள். ஒரு பெண் செய்தால் மட்டும் அதற்கு முன்னால் ஒரு குற்றத்தைத் தேடுகிறார்கள். இக்கதை நமக்குப் பிடித்தமானதன்று.

சமயக் காரியத்திலும் அவர் மனம் விரிந்ததாகவே இருந்தது. 1691-இல் இராமநாதபுரத்தில் சிறைப்பட்டிருந்த சேசு சபைக் குரு மெல்லோ சுவாமியை விடுவிக்கச் செய்தவர் அவரே. பூஷே சுவாமிகள் திருச்சிராப்பள்ளி அரண்மனைக்குக் காணிக்கைகளுடன் சென்றபோது, தளவாய் அவரை மிகுந்த மரியாதையோடு வரவேற்றார். அக்காணிக்கைகளுள் ஊர்ப்பெயர்கள் தமிழில் எழுதப்பட்ட ஒரு பூகோள உருண்டையும் இருந்தது. நம் மறையைத் தடுக்க வேண்டும் என்று முறையிட்டோருக்கு அரசியார் அளித்த விடை சேசு சபையாரின் குறிப்புகளில் காணப்படுகிறது. சோறு உண்போர் சோறு உண்பதும் இறைச்சி உண்போர் இறைச்சி உண்பதும் போல, அவரவர் தமக்கு நல்லதென்று கண்ட நெறியில் நடக்கலாம் என்பது அதன் கருத்து. எத்தனையோ வேதவாதங்கள் தீர்க்காத வழக்கைச் சாப்பாட்டுப் பந்தியைக் காட்டித் தீர்த்துவிட்டார்! திருச்சி நத்தர்வலி தர்காவுக்கும் அவர் காலத்தில் ஊர்கள் மானியமாயின. மதுரையில் பட்டு நெய்த சௌராஷ்டிர மக்கள் தங்கள் சடங்குரிமை பற்றி முறையிட்டபோது, கற்றவர்களை வைத்து விசாரித்து, அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தார்.

ஆனால் அவர் கை எட்டாத இடங்களும் இருந்தன. 1693-ஆம் ஆண்டு பிப்ரவரி 4-ஆம் நாள் ஓரியூரில் புனித அருளானந்தர் தலை வெட்டுண்டது கிழவன் சேதுபதியின் ஆட்சியில். பெயரளவில் மதுரைக்கு அடங்கிய சீமை அது; உண்மையில் மதுரையின் சொல் அங்கே செல்லவில்லை. 1702-இல் சேதுபதியின் மீது அரசியார் அனுப்பிய படை தோற்றது. நரசப்பையாவும் களத்தில் மடிந்தார்.

இவ்விடத்தில் நம் பங்கின் காரியம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். திருவிழா அசனத்துக்கு எத்தனை படி அரிசி போட வேண்டும் என்பது மாதா சபைப் பெண்களுக்குத் தெரியும். எந்த வீட்டில் நோயாளி இருக்கிறார், எந்த வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை என்பதும் அவர்களுக்கே தெரியும். விடியுமுன் ஜீப்பில் ஏறி மலைமேல் ஏலத் தோட்டத்துக்குப் போய், பொழுது சாய்ந்து திரும்பி, அதன் பின்னும் சுய உதவிக் குழுக் கணக்கைப் பைசா பிசகாமல் எழுதுகிற பெண்கள் நம்மிடையே இருக்கிறார்கள். பங்குப் பேரவை கூடும்போது மட்டும் முன்வரிசை நாற்காலிகளில் ஆண்கள் அமர, பெண்கள் சுவரோரம் நிற்கிறார்கள். நாற்காலியைப் பங்கிட்டுக்கொள்வதோடு காரியம் முடிந்துவிடாது. அமர்ந்திருக்கும் ஆண்களும் அப்பெண்களிடமிருந்து பொறுமையாகக் கேட்பதையும், சண்டையை வளர்க்காமல் முடிப்பதையும் கற்றுக்கொள்ள வேண்டும். கோழி தன் குஞ்சுகளைச் சிறகுக்குள் கூட்டிச் சேர்ப்பதற்குத் தம்மை ஒப்பிட்டுப் பேச ஆண்டவர் வெட்கப்படவில்லையே!

மங்கம்மாளின் முடிவு துயரமானது. பேரன் வளர்ந்தான். ஆட்சியை அவன் கையில் ஒப்படைக்கும் காலம் வந்தபோது பாட்டியின் பிடி தளரவில்லை என்று ஒரு சாரார் சொல்வர். அரண்மனைச் சூழ்ச்சிக்காரர்கள் பேரனின் மனத்தைக் கலைத்தார்கள் என்பர் மற்றொரு சாரார். இரண்டிலும் உண்மை இருக்கக்கூடும் என்றே நமக்குத் தோன்றுகிறது. பதினேழு ஆண்டுகள் தோளில் சுமந்த பிள்ளையை இறக்கி நடக்கவிடுவது, சுமப்பதைக் காட்டிலும் கடினம். வளர்ந்த மகனிடம் சாவிக்கொத்தைக் கொடுக்க மனம் வராத வீடுகளில் பங்குக் குருக்கள் எத்தனை பஞ்சாயத்துப் பேசியிருக்கிறோம்! சாலையெங்கும் வழிப்போக்கருக்குச் சோறு போட்ட அரசியார், சிறையில் அடைக்கப்பட்டுப் பட்டினியால் இறந்தார் என்பது மதுரை மக்களின் வழிவழி நினைவு.

விஜயரங்க சொக்கநாதர் 1732 வரை ஆண்டார். பக்தியில் சிறந்தவர், கோயில்களுக்கு வாரி வழங்கியவர். ஆட்சி நடத்துவதில் நாட்டம் குறைவு. பிள்ளையின்றி அவர் இறந்தபின் மனைவி மீனாட்சி பொறுப்பேற்றாள். அவளைச் சந்தா சாகிப் வஞ்சிக்க, நாயக்கர் ஆட்சி அவளோடு முடிந்தது.

மங்கம்மாள் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் தமுக்கம் அரண்மனையில் 1959 முதல் காந்தி நினைவு அருங்காட்சியகம் இயங்குகிறது. மீனாட்சியம்மன் கோயில் ஊஞ்சல் மண்டபத்து ஓவியத்தில் அரசியாரின் உருவத்தைக் காணலாம். மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே அவர் பெயரால் ஒரு சத்திரம் இருக்கிறது. வைத்தியத்துக்கும் வழக்குக்குமாக மதுரைக்குப் போகும் நம் ஊர்க்காரர்கள் அதைக் கடந்துதான் போகிறார்கள்.