பொறிக்கு உரை எழுதிய அம்மையார்

கணிப்பொறி அறிவியல் பயிலும் எங்களுக்கு முதலாண்டிலேயே அறிமுகமாகும் பெயர் அடா லவ்லேஸ். உலகின் முதல் நிரலாளர் என்று எழுதி இரண்டு மதிப்பெண் பெற்றதோடு நானும் அவரை மறந்திருந்தேன். சென்ற பருவத்தில் நான் செய்த பிழை ஒன்றுதான் அவரை மீண்டும் தேடிப் படிக்க வைத்தது. பிழையைப் பின்னர்ச் சொல்கிறேன். முதலில் அம்மையாரின் வரலாறு.

1815ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் இலண்டனில் பிறந்தார் அடா. தந்தை, ஆங்கிலக் கவிஞர் பைரன் பிரபு. குழந்தை பிறந்து ஐந்து வாரங்களில் தாயார் அனபெல்லா கணவரைப் பிரிந்தார். 1816இல் நாட்டை விட்டு வெளியேறிய பைரன் 1824இல் கிரேக்க நாட்டில் மறைந்தார். மகளின் முகத்தை மறுமுறை காணவேயில்லை. கவிஞரின் கட்டுக்கடங்காத போக்கு மகளுக்கும் வந்துவிடுமோ என்று அஞ்சிய தாயார், மருந்து கொடுப்பதுபோல் கணிதம் கற்பிக்க ஏற்பாடு செய்தார். அச்சத்தால் ஊட்டப்படும் கணிதம் வெறுப்பில் முடிவதே வழக்கம். அடாவிடம் அவ்வாறு நேரவில்லை.

1833இல், தம் 17ஆம் வயதில், கணித அறிஞர் சார்லஸ் பாபேஜைச் சந்தித்தார். அவர் உருவாக்கியிருந்த வேறுபாட்டுப் பொறியின் ஒரு பகுதியைப் பார்த்தவர்களுள் பலர் அதை வேடிக்கைப் பொருளாகவே கண்டனர். அடாவோ அது இயங்கும் முறையை அறிய விரும்பினார். 1835இல் திருமணம், மூன்று குழந்தைகள், 1838இல் லவ்லேஸ் சீமாட்டி என்ற பட்டம். 1840 முதல் டி மார்கன் என்னும் பேராசிரியரிடம் கடிதம் வழியாக உயர்கணிதம் கற்றார். குடும்பமும் நோயும் சூழ்ந்த நிலையில் இதைச் செய்தார் என்பதை, தேர்வுக்கு முதல் நாள் புத்தகம் திறக்கும் நாம் எண்ணிப் பார்க்கலாம்.

இதற்கிடையே பாபேஜ், பகுப்பாய்வுப் பொறி என்னும் பெரிய பொறியைத் திட்டமிட்டிருந்தார். 1840இல் இத்தாலியின் டூரின் நகரில் அவர் அதை விளக்க, பொறியாளர் மெனபிரியா அதைக் கேட்டு 1842இல் பிரெஞ்சு மொழியில் கட்டுரை வெளியிட்டார். அதனை அடா ஆங்கிலத்தில் பெயர்த்தார். குறிப்புகளும் சேர்க்குமாறு பாபேஜ் கூற, ஏழு குறிப்புகள் எழுதினார். 1843இல் அச்சேறியபோது அவை மூலக் கட்டுரையைப்போல இரு மடங்குக்கும் மேல் நீண்டிருந்தன. மூலத்தினும் உரை பெரிதாவது தமிழ் படித்தவர்க்குப் புதிதன்று. பெயரைக்கூட முழுமையாக இடாமல் முதலெழுத்துகளையே இட்டார்.

அந்தப் பொறி அப்போது எங்கும் இல்லை, வரைபடங்களே இருந்தன. வாசகர் அதைத் தொட்டுப் பார்க்கவோ, ஓட்டிப் பார்த்துப் புரிந்துகொள்ளவோ வழியில்லை. எழுத்தில் உள்ளது மட்டுமே அவருக்குப் பொறி. இன்று செயற்கை நுண்ணறிவு முகவர்களுக்கு மென்பொருள் கருவிகளைக் கொடுப்பவர்களின் நிலையும் இதுவே. முகவர் பொதுவாகக் கருவியின் உள்ளே பார்ப்பதில்லை. நாம் எழுதித் தரும் பெயர், பயன், உள்ளீடு, வெளியீடு ஆகிய விளக்கத்தைப் படித்தே எதை எப்போது அழைப்பது என்று முடிவு செய்கிறது.

என் பிழை இங்கேதான். நூலகத்தில் மாணவர்கள் கேட்டுப் பதிந்த நூல்களைத் தொகுக்க, திட்டப்பணியாக ஒரு முகவரை அமைத்தேன். அதற்கான கருவி ஒன்று, காத்திருக்கும் வேண்டுகோள்களைத் தரும். தந்தவுடன் பட்டியலை அழித்தும் விடும். தரும் என்று மட்டும் எழுதினேன். அழிக்கும் என்பதை எழுதவில்லை. நான்தானே எழுதியவன், எனக்குத் தெரியும் என்ற நினைப்பு! முகவர் சரிபார்ப்பதற்காக இரண்டாம் முறை அழைத்தது. வெறும் பட்டியல் வந்தது. எவரும் நூல் கேட்கவில்லை என்று அறிக்கை தந்தது. 19 பேரின் வேண்டுகோள்கள் போயின. வகுப்பு வகுப்பாகச் சென்று மன்னிப்புக் கேட்டு மீண்டும் எழுதி வாங்கினேன்.

இந்த வெட்கத்தோடு அடாவின் கடைசிக் குறிப்பைப் பார்த்தேன். பெர்னூலி எண்களைக் கணிக்கும் அட்டவணை அது, 25 வரிகள். ஒவ்வொரு வரியிலும் செயல் எது, எந்த எண்தூண்களிலிருந்து எடுக்கிறது, எங்கே விடையை இடுகிறது என்பன உள்ளன. அவற்றோடு தனியே இன்னொரு பத்தி: எடுத்த தூணில் மதிப்பு அப்படியே நிற்கிறதா, மாறுகிறதா, சுழியாகிறதா என்பது. நான் விட்ட பத்தி அதுவேதான்! 1843இல் ஒருவர் அதற்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்.

அவர் பிழையே செய்யாதவர் என்று நான் சொல்லவில்லை. அதே அட்டவணையின் நான்காம் வரியில் வகுக்கும் எண்ணும் வகுபடும் எண்ணும் இடம் மாறியுள்ளன. மெனபிரியாவின் அச்சுப்பிழை ஒன்றைக் கவனியாமல் அப்படியே மொழிபெயர்த்தும் இருக்கிறார். அட்டவணையில் பாபேஜின் பங்கு எவ்வளவு என்ற வழக்கும் அறிஞரிடையே உண்டு. பாபேஜ் சில ஆண்டுகள் முன்னரே சிறு நிரல்கள் எழுதியிருந்தார். எனக்கு அந்த வழக்கில் ஆர்வமில்லை. பொறி எண்களை மட்டுமன்றி இசையையும் கையாளக்கூடும் என்று எழுதிய அதே கை, தானாக எதையும் தோற்றுவிக்கும் உரிமை அதற்கு இல்லை என்றும் எழுதியது. பொறியால் ஆவதையும் ஆகாததையும் ஒருங்கே சொன்ன அந்தத் துணிவே என்னைக் கவர்கிறது. இரண்டாம் கருத்தை 1950இல் ஆலன் டூரிங் எடுத்து மறுத்து வாதிட்டார்.

அச்சிடும் வேளையில் பாபேஜ், அரசைக் குறைகூறும் முன்னுரை ஒன்றைப் பெயரின்றிச் சேர்க்க முயன்றார். அடா உடன்படவில்லை. மனத்தாங்கல் வந்தது, நட்பு முறியவில்லை. பின்னாளில் குதிரைப் பந்தயத்தில் பெரும்பணம் இழந்தார் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. புற்றுநோயால் 1852 நவம்பர் 27இல், தந்தை மறைந்த அதே 36ஆம் வயதில், காலமானார். ஹக்னால் ஊர்த் தேவாலயத்தில், தாம் அறிந்திராத தந்தையின் அருகில் அடக்கம் செய்யப்பட்டார்.

1980இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை ஏற்ற நிரல்மொழிக்கு அடா என்று பெயரிட்டு, அதன் தர ஆவணத்துக்கு அவர் பிறந்த ஆண்டாகிய 1815ஐ எண்ணாக வைத்தனர். பாபேஜின் இரண்டாம் வேறுபாட்டுப் பொறியின் கணிக்கும் பகுதியை இலண்டன் அறிவியல் அருங்காட்சியகம் 1991இல் கட்டி முடித்தது. அடா விளக்கிய பகுப்பாய்வுப் பொறியை மட்டும் இன்னும் எவரும் முழுமையாகக் கட்டவில்லை.