உலர்தாள்களில் ஒரு வாழ்வு

முற்றிய காய்களுக்குள் விதைகள் குலுங்கி ஒலிப்பதால் கிலுகிலுப்பை எனப் பெயர்பெற்றது ஒரு செடி. பெரம்பலூர், அரியலூர் வட்டாரங்களின் வயல் வரப்புகளிலும் தரிசு நிலங்களிலும் அது தானே முளைத்து மஞ்சளாகவும் நீலமாகவும் பூக்கும். அதன் பேரினத்தைத் தாவரவியலார் குரோட்டலேரியா என்பர். அப்பேரினத்தின் தென்னிந்தியச் சிற்றினங்கள் பலவற்றை உலகறியச் செய்தவர் இராபர்ட் வைட்.

ஸ்காட்லாந்தில் 1796ஆம் ஆண்டு பிறந்த வைட், எடின்பரோவில் மருத்துவம் பயின்றார். 1819இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராகச் சென்னை மாகாணத்திற்கு வந்தார். நோயாளரைக் கவனித்த நேரம் போக எஞ்சிய பொழுதெல்லாம் செடிகளைத் தேடினார். 1826இல் அரசின் இயற்கையியலாளராக அமர்த்தப்பட்டார். ஈராண்டுகளில் அப்பதவி நீக்கப்படவே, படை மருத்துவராக நாகப்பட்டினம் சென்றார். பதவி போயிற்று, பணி நிற்கவில்லை. உதவியாளர்கள் கொணர்ந்த செடிகளைத் தாள்களுக்கிடையே அழுத்தி உலர்த்தி, கிளாஸ்கோவிலிருந்த ஹூக்கருக்கு அனுப்பினார்.

1831இல் விடுப்பில் தாயகம் சென்றபோது, ஏறத்தாழ ஓர் இலட்சம் உலர்மாதிரிகள் அவருடன் பயணம் செய்தன. அவற்றை ஆராய்ந்து, வாக்கர் ஆர்னட்டுடன் இணைந்து 1834இல் தென்னிந்தியத் தாவர நூலொன்றை வெளியிட்டார். கிலுகிலுப்பையின் புதிய சிற்றினங்கள் பல அந்நூலில் இடம்பெற்றன. அவற்றுள் ஒன்று வைட்டியானா என அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

இந்தியா திரும்பிய வைட், 1838 முதல் 1853 வரை 2101 படங்கள் கொண்ட ஆறு தொகுதிகளை வெளியிட்டார். அப்படங்களுக்கு உயிரூட்டியோர் ரங்கய்யா, கோவிந்து என்னும் இந்திய ஓவியர்கள். கோவிந்துவின் பெயரால் ஆர்க்கிட் பேரினம் ஒன்றிற்கே பெயரிட்டு, வைட் தம் நன்றியைப் புலப்படுத்தினார். ஆனால், செடிகளைத் தேடிக் கொணர்ந்த உதவியாளர் பலரின் பெயர்கள் அவ்வாறு நிலைபெறவில்லை.

1853இல் தாயகம் திரும்பிய வைட், 1872இல் மறைந்தார். அவருடைய உலர்தாள்கள் இன்றும் கியூ, எடின்பரோ தாவரவியல் தோட்டங்களில் உள்ளன. எனினும் அவற்றில் ஒரு குறை உண்டு. பல தாள்களில் ஊர்ப்பெயர் இல்லை. இந்தியத் தீபகற்பம் என்னும் பொதுக்குறிப்பே உள்ளது. ஒரு செடி எந்த ஊரில் வளர்ந்தது என்பதை அத்தகைய தாள் கூறாது. ஊர் தெரியாதபோது, அச்செடி அவ்வூரில் இன்றும் வாழ்கிறதா, அழிந்துவிட்டதா என்பதையும் அறிய இயலாது.

அக்குறையைப் பின்வந்தோர் உணர்ந்தனர். திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியில் 1967இல் தொடங்கப்பெற்ற ராபினாட் உலர்தாவரகம், ஊரும் நாளும் குறித்துச் செடிகளைச் சேர்த்தது. அன்றைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதிகளாயிருந்த பெரம்பலூரும் அரியலூரும் அதன் ஆய்வெல்லைக்குள் அடங்கின. வைட் தொடங்கிய பணி ஊர்ப்பெயரால் முழுமை பெறுகிறது. வரப்போரத்துக் கிலுகிலுப்பைக்கு ஊரும் நாளும் எழுதி வைப்பவர், நாளைய ஆய்வாளருக்குச் சான்றொன்றை விட்டுச்செல்கிறார்.