கணக்கெடுத்து நீதி கேட்ட கிரிஸ்டல் ஈஸ்ட்மன்

ஆலையில் உழைக்கும் ஒருவன் இயந்திரத்தில் சிக்கிக் கையை இழந்துவிட்டான். அந்த இழப்பை யார் ஈடு செய்வது? முதலாளி மீது குற்றம் இருந்தால்தான் நட்டஈடு கிடைக்குமா? வேலை செய்யும்போது அடிபட்டான் என்பது ஒன்றே போதாதா? இன்று எளிதாகத் தோன்றும் இக்கேள்விக்கு நேர்மையான விடை காண உலகம் நெடுங்காலம் எடுத்துக்கொண்டது. அமெரிக்க நாட்டில் அவ்விடைக்கு வழிகோலியவர்களுள் முன்னணியில் நிற்பவர் கிரிஸ்டல் ஈஸ்ட்மன் அம்மையார். பெண்களின் வாக்குரிமைக்கும் உலக அமைதிக்கும் பாடுபட்டவர் என்று வரலாறு பயில்வோர் அவரை அறிவர். ஆயினும் அவருடைய முதற்பெரும் பணி, அடிபட்ட தொழிலாளிக்காக அவர் ஆற்றிய பணியே ஆகும்.

கிரிஸ்டல், 1881-ஆம் ஆண்டு ஜூன் 25-ஆம் நாள் மாசசூசெட்ஸ் மாநிலத்து மார்ல்பரோவில் பிறந்தார். தந்தை சாமுவேல், தாய் ஆனிஸ் ஆகிய இருவருமே கிறித்தவ சமயப் போதகர்கள். தந்தையின் உடல்நலம் குன்றியபோது தாயே போதகராகப் பொறுப்பேற்றுக் குடும்பத்தைக் காத்தார். பெண் ஒருவர் அப்பதவிக்கு வருவது அந்நாளில் மிக அரிது. ஆண்பிள்ளைகளுக்கு ஒரு வேலை, பெண்பிள்ளைக்கு வேறு வேலை என்ற பாகுபாடு அவ்வீட்டில் இல்லை. இத்தகைய சூழலில் வளர்ந்த கிரிஸ்டல் 1903-இல் வாசர் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1904-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சமூகவியலில் முதுகலைப் பட்டமும், 1907-இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் சட்டப் பட்டமும் பெற்றார்.

சட்டம் படித்த பெண்ணுக்கு வழக்கு கொடுப்பார் அன்று யார்? அந்நேரத்தில்தான் பால் கெல்லாக் என்னும் நண்பர் அவரை பிட்ஸ்பர்க் நகருக்கு அழைத்தார். பென்சில்வேனியா மாநிலத்து உருக்குத் தொழிலின் தலைநகரம் அது. அங்கு உழைப்பாளர் வாழ்வை ஆராய, ரசல் சேஜ் அறக்கட்டளையின் பொருளுதவியோடு பேராய்வு ஒன்று நடந்துகொண்டிருந்தது. அதில் வேலைவிபத்துகளை ஆராயும் பகுதி கிரிஸ்டலிடம் ஒப்படைக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 26. ஓரிரு மாதங்களில் முடித்துவிடலாம் என்று சென்றவரை அப்பணி ஓராண்டுக்காலம் பிடித்து வைத்துக்கொண்டது.

முதலில் அவர் சட்டப் புத்தகத்தைப் புரட்டவில்லை, கணக்கெடுத்தார். பிட்ஸ்பர்க் அடங்கிய அல்லெகனி வட்டாரத்தில் 1906 ஜூலை முதல் 1907 ஜூன் முடிய ஓராண்டில் வேலைவிபத்தில் இறந்தோர் அனைவரையும், பிணவிசாரணை அலுவலரின் ஏடுகளிலிருந்து எடுத்தெழுதினார். தொகை 526 வந்தது. அவர்களுள் 195 பேர் உருக்காலைத் தொழிலாளர். 125 பேர் இரயில் பாதைத் தொழிலாளர். 71 பேர் சுரங்கத் தொழிலாளர். ஏனையோர் 135 பேர். இவர்களோடு, மூன்று மாத காலத்தில் அடிபட்டு மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்ட 509 பேரின் விவரமும் திரட்டப்பட்டது. பிறகு கிரிஸ்டலும் துணைவர்களும் வீடு வீடாகச் சென்றனர். அயல்நாட்டிலிருந்து பிழைக்க வந்தவர் பலர் ஆதலின் மொழிபெயர்ப்பாளரும் உடன் சென்றனர். விபத்து எப்படி நேர்ந்தது, கூலி எவ்வளவு, எத்தனை பிள்ளைகள், முதலாளி என்ன கொடுத்தார், இப்போது அடுப்பு எரிவது எதனால் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினர். நாட்காட்டி ஒன்றில், இறந்தவர் ஒவ்வொருவருக்கும் ஒரு சிலுவைக்குறி இட்டு அவர் காட்டியபோது, அந்நகரின் செல்வம் எதன்மேல் எழுந்தது என்பதை அனைவரும் கண்ணாரக் கண்டனர்.

விபத்துகளுக்குக் காரணம் யார்? நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து விபத்துகள் அடிபட்டவனின் கவனக்குறைவால் வருவன என்று மேற்பார்வையாளர் ஒருவர் அவரிடம் அடித்துச் சொன்னார். முதலாளிமார் பலரும் அப்படியே நம்பினர். கிரிஸ்டல் ஒவ்வொரு விபத்தையும் தனித்தனியே ஆராய்ந்தார். கவனக்குறைவு சில இடங்களில் இருந்தது உண்மைதான். ஆனால் பன்னிரண்டு மணி நேர வேலை, உலையின் வெக்கை, காதைச் செவிடாக்கும் இரைச்சல், விரைந்து முடி என்னும் நெருக்கடி ஆகியவற்றிடையே மனிதனின் கவனம் எத்தனை நேரம் நிற்கும்? களைப்பின் பெயரே அங்குக் கவனக்குறைவு என்று வழங்கிற்று. காப்பில்லாத இயந்திரமும் பழுதான கருவியும் காரணமான விபத்துகளும் ஏராளமாக வெளிவந்தன.

அன்றைய சட்டமோ தொழிலாளிக்கு எதிராக மூன்று கதவுகளைச் சாத்தி வைத்திருந்தது. உடன் வேலை செய்தவன் தவறினால் முதலாளி பொறுப்பல்ல என்பது ஒன்று. ஆபத்து உண்டென்று தெரிந்தே வேலைக்கு வந்தான். ஆகவே விளைவை அவனே தாங்க வேண்டும் என்பது மற்றொன்று. அடிபட்டவன் மீது சிறிதளவு தவறு இருந்தாலும் நட்டஈடு இல்லை என்பது மூன்றாவது. இக்கோட்பாடுகள் பழமையானவை. பாதை மாற்றுபவரின் தவறால் இரயில் தடம்புரண்டு, பார்வெல் என்னும் எஞ்சின் ஓட்டுநர் தம் வலக்கையை இழந்தார். அவர் நட்டஈடு கேட்ட வழக்கை மாசசூசெட்ஸ் உயர்நீதிமன்றம் 1842-ஆம் ஆண்டிலேயே தள்ளிவிட்டது. துணிந்து வழக்காடினாலும் ஆண்டுகள் கழியும். வக்கீலுக்கு ஒரு பங்கு போகும். சாட்சி சொல்ல வரும் தோழனுக்கோ தன் வேலை போய்விடுமே என்ற அச்சம்.

இதன் பயன் என்ன என்பதையும் கிரிஸ்டலின் கணக்கே காட்டிற்று. விவரம் கிடைத்த மணமான தொழிலாளர் 235 பேரின் குடும்பங்களுள் 59 குடும்பங்களுக்கு முதலாளியிடமிருந்து ஒரு காசும் கிடைக்கவில்லை. 65 குடும்பங்களுக்குக் கிடைத்தது 100 டாலருக்கு மேற்படவில்லை. அது ஈமச் செலவுக்கே சரியாகப் போகும். பாதிக்கும் மேற்பட்ட குடும்பங்களில் இழப்பு முழுவதையும் விதவையும் குழந்தைகளுமே சுமந்தனர். உருளை உடைந்தால் அச்செலவைச் சரக்கின் விலையில் சேர்க்கின்ற ஆலை, உருளையை இயக்கியவன் உடைந்தால் அச்செலவை அவன் வீட்டின்மேல் ஏற்றிவிட்டது. ஆகவே குற்றம் யாருடையது என்று கேட்பதை விட்டு, இழப்பை யார் சுமப்பது நியாயம் என்று கேட்க வேண்டும் என்ற முடிவுக்கு கிரிஸ்டல் வந்தார். விபத்து தொழிலோடு பிறந்தது. ஆதலின் அதன் செலவும் தொழிலையே சேர வேண்டும். விபத்துக்கு விலை உண்டென்றால் அதைத் தடுக்கும் அக்கறையும் முதலாளிக்குத் தானே வரும் என்றும் அவர் எடுத்துக்காட்டினார். இவ்வாய்வு 1910-இல் வேலைவிபத்துகளும் சட்டமும் என்ற பொருளுடைய தலைப்பில் நூலாக வெளிவந்தது.

நூல் வெளிவருமுன்னரே அவர் புகழ் பரவிற்று. 1909-இல் நியூயார்க் ஆளுநர் சார்லஸ் எவன்ஸ் ஹியூஸ், முதலாளியின் பொறுப்பை ஆராய அமைத்த குழுவில் அவரை உறுப்பினராக்கினார். 14 பேர் கொண்ட அக்குழுவில் அவர் ஒருவரே பெண். செயலாளர் பொறுப்பும் அவருடையதே. அக்குழுவின் பரிந்துரைப்படி 1910-இல் நியூயார்க் மாநிலம் சட்டம் இயற்றியது. ஆபத்தான தொழில்களில் அடிபட்டவருக்கு, குற்றம் யாருடையது என்று பாராமல் கூலியில் பாதியை நட்டஈடாக அளிக்க அச்சட்டம் வழிசெய்தது.

மகிழ்ச்சி நீடிக்கவில்லை. ஐவ்ஸ் என்னும் இரயில் பாதைத் தொழிலாளி, காயத்தால் வேலையிழந்த சில வாரங்களுக்கு நட்டஈடு கோரினார். குற்றம் செய்யாத முதலாளியிடம் பணம் வாங்குவது, முறையான நீதியின்றி அவர் சொத்தைப் பறிப்பதாகும் என்று கூறி, மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் 1911 மார்ச் 24 அன்று சட்டத்தையே செல்லாததாக்கியது. மறுநாள் மாலை, அதே நியூயார்க் நகரில் டிரையாங்கிள் ஆயத்த ஆடைத் தொழிற்கூடம் தீப்பற்றியது. பூட்டிய கதவை மீற முடியாமலும், மேல்மாடியிலிருந்து குதித்தும் 146 பேர் மாண்டனர். பெரும்பாலோர் இளம்பெண்கள். உரிமையாளர்கள் குற்ற வழக்கிலிருந்து விடுதலையாயினர். வழக்காடிய 23 குடும்பங்களுக்கு 1914-இல் கிடைத்தது உயிர் ஒன்றுக்கு 75 டாலர்! நீதிமன்றம் தள்ளிவிட்ட சட்டம் எவ்வளவு தேவையானது என்பதை அந்நெருப்பு உணர்த்தியது.

மக்கள் வாளாவிருக்கவில்லை. 1913-இல் வாக்களித்து மாநில அரசியல் சட்டத்தையே திருத்தினர். புதிய நட்டஈட்டுச் சட்டம் 1914-இல் நடைமுறைக்கு வந்தது. அதுவும் வழக்குக்கு உள்ளாயிற்று. எனினும் 1917-இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் அது செல்லும் என்று தீர்ப்பளித்தது. மாநிலங்கள் ஒவ்வொன்றாக இவ்வழியில் வந்தன. கடைசியாக மிசிசிப்பி 1948-இல் சட்டம் இயற்றியது.

அவ்வெற்றி முழுமை பெற்ற நாளில் கிரிஸ்டல் வேறு களங்களில் நின்றார். 1912-இல் விஸ்கான்சின் மாநிலத்தில் பெண் வாக்குரிமைக்காக உழைத்துத் தோல்வி கண்டார், துவளவில்லை. முதல் உலகப் போரை எதிர்த்தார். 1917-இல் ரோஜர் பால்டுவினுடன் சேர்ந்து அவர் உருவாக்கிய குடியுரிமைக் காப்பு அமைப்பே 1920-இல் அமெரிக்கக் குடிமை உரிமைகள் ஒன்றியமாக மலர்ந்தது. போர் எதிர்ப்பும் தீவிரக் கொள்கையும் பலரை அவரிடமிருந்து விலகச் செய்தன. நிலையான வேலை கிடைப்பது அரிதாயிற்று. 1927-இல் கணவர் வால்டர் புல்லர் மறைந்தார். சிறுநீரக நோயால் நலிந்த கிரிஸ்டல், 1928 ஜூலையில் பென்சில்வேனியாவின் ஈரி நகரில் இரண்டு இளங்குழந்தைகளை விட்டு மறைந்தார். அப்போது அவருக்கு வயது 47. வீடு வீடாக ஏறி இறங்கி விதவையரின் கதையைக் கேட்ட அதே மாநிலத்தில்தான் அவர் கண்மூடினார்.

கண்ணீரைக் கண்டு இரங்குவோர் எக்காலத்தும் உண்டு. இரக்கம் அன்றைக்கு ஒரு வேளைச் சோற்றைத் தரும். அடுத்த நாளைக்கு உரிமை வேண்டும். அவ்வுரிமையைக் கேட்க கிரிஸ்டல் அம்மையார் கையில் எடுத்தவை ஒரு குறிப்பேடும் ஓர் எழுதுகோலுமே. பட்டம் பெற்றுக் கல்லூரி வாயிலைக் கடக்கும் நாம், கற்ற கல்வியைக் கொண்டு என்ன செய்யலாம் என்று எண்ணும்போது அவரை நினைவிற் கொள்வோமாக!