கே. சி. எஸ். பணிக்கர்

கே. சி. எஸ். பணிக்கர் (1911 – 1977) இந்தியாவின் குறிப்பிடத்தக்க நவீன ஓவியர்களுள் ஒருவர், ஓவிய ஆசிரியர். சென்னை அரசு கலை, கைத்தொழில் பள்ளியின் முதல்வராகப் பணியாற்றியவர். சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் 1966 ஆம் ஆண்டு உருவான சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நிறுவியவர். கலைப் பள்ளியில் பயின்று வெளியேறும் இளைஞர்கள் பிழைப்புக்காகக் கலையைக் கைவிட நேரும் நிலையை மாற்ற முயன்றவர் என்ற வகையில் இவர் பெரிதும் நினைவுகூரப்படுகிறார்.

இளமையும் கல்வியும்

பணிக்கர் 1911 ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் பிறந்தார். இவருடைய குடும்பம் கேரளத்தின் பொன்னானிப் பகுதியைச் சேர்ந்தது. அங்குள்ள தென்னஞ்சோலைகளும் நீர்நிலைகளும் இவருடைய தொடக்ககால நீர்வண்ண ஓவியங்களில் இடம்பெற்றன. 17 வயதை எட்டிய காலத்திலேயே சென்னையில் நடைபெற்ற கண்காட்சிகளில் இவருடைய படங்கள் வைக்கப்பட்டன.

சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்றுகொண்டிருந்தபோது குடும்பப் பொறுப்பின் காரணமாகப் படிப்பை நிறுத்தித் தந்தித் துறையில் வேலைக்குச் சேர்ந்தார். எனினும் ஓவிய ஆர்வம் குன்றவில்லை. 1936 இல் சென்னைக் கலைப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். அப்போது அதன் முதல்வராக இருந்தவர் புகழ்பெற்ற சிற்பி தேவி பிரசாத் ராய் சௌத்ரி. 1940 இல் படிப்பை முடித்த பணிக்கர், அடுத்த ஆண்டே அப்பள்ளியில் ஆசிரியரானார். பிழைப்புக்காக ஒரு வேலை, மனத்துக்காக ஓவியம் என்ற இரட்டை வாழ்க்கையைத் தாமே வாழ்ந்து பார்த்தவர் இவர் என்பது இவருடைய பிற்காலப் பணிகளைப் புரிந்துகொள்ள உதவும்.

ஆசிரியப் பணி

சென்னைக் கலைப் பள்ளி 1850 இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவரால் தொடங்கப்பட்டது. கைவினைகளைக் கற்பிப்பதே அதன் தொடக்ககால நோக்கமாக இருந்தது. ராய் சௌத்ரியின் காலத்தில் ஓவியமும் சிற்பமும் அங்கே முதன்மை பெற்றன. 1957 இல் அவர் ஓய்வு பெற்றபின் பணிக்கர் முதல்வர் பொறுப்பேற்று, 1967 வரை அப்பதவியில் இருந்தார்.

ஐரோப்பிய பாணியைப் பின்பற்றுவதோடு நின்றுவிடாமல் தம் மண்ணின் மரபுகளிலிருந்து ஒரு நவீன மொழியை மாணவர்கள் கண்டறிய வேண்டும் என்பது இவருடைய நிலைப்பாடு. 1944 இல் இவர் முன்னின்று தொடங்கிய முற்போக்கு ஓவியர் சங்கம், இளம் ஓவியர்களின் படைப்புகளைக் கண்காட்சிகளில் வைக்க வழிசெய்தது. அச்சங்கத்தின் சார்பில் 1961 முதல் 'ஆர்ட்ரெண்ட்ஸ்' என்ற ஆங்கிலக் கலை இதழ் வெளிவந்தது. பிற்காலத்தில் 'மெட்ராஸ் இயக்கம்' எனப் பெயர்பெற்ற கலைப்போக்கு இச்சூழலில் வளர்ந்ததாகும்.

பட்டதாரிகளின் நிலை

1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் சென்னையில் ஓவியக் கூடங்கள் மிகக் குறைவு. படங்களை விலைகொடுத்து வாங்குவோரும் மிகச் சிலரே. பள்ளியை விட்டு வெளியேறும் மாணவர்களுக்கு ஓவிய ஆசிரியர் வேலை, விளம்பர நிறுவனப் பணி, துணி வடிவமைப்பு போன்ற சில வழிகளே இருந்தன. அவ்வேலைகளில் சேர்ந்தவர்களுள் பலருக்குத் தம் சொந்தப் படைப்புக்கு நேரம் கிடைக்கவில்லை. ஐந்தாறு ஆண்டுகள் பயிற்சி அளித்து உருவாக்கிய திறமை, பட்டம் பெற்ற சில ஆண்டுகளிலேயே மறைந்துபோவதைப் பணிக்கர் ஆசிரியராக இருந்து கண்டார்.

இதற்கு அவர் கண்ட வழி கைவினை. மெழுகு பூசித் துணியில் சாயமேற்றும் 'பாத்திக்', தோல் வேலை, மட்பாண்டம், உலோக வேலை முதலியவற்றை ஓவியர்களே செய்து விற்றால், நாளின் ஒரு பகுதியை அதற்குச் செலவிட்டு எஞ்சிய நேரத்தைத் தம் கலைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று அவர் எண்ணினார். ஓவியம் விற்றே தீரவேண்டும் என்ற கட்டாயம் இல்லாதபோதுதான் வாங்குவோரின் விருப்பத்துக்கு வளைந்துகொடுக்காமல் வரைய முடியும் என்பது இதன் அடிப்படை. மாணவர்களும் முன்னாள் மாணவர்களும் இணைந்து கலைஞர் கைவினைச் சங்கம் ஒன்றை அமைத்தனர். அவர்கள் செய்த பொருட்களுக்குச் சென்னையில் நல்ல வரவேற்பு கிடைத்தது.

சோழமண்டலம்

கைவினைப் பொருட்களின் விற்பனையில் கிடைத்த வருவாயைக் கொண்டு, அப்போது நகருக்கு வெகுதொலைவில் இருந்த ஈஞ்சம்பாக்கம் கடற்கரையை ஒட்டிச் சில ஏக்கர் நிலம் வாங்கப்பட்டது. 1966 இல் ஓவியர் கிராமம் தோன்றியது. சுமார் 30 கலைஞர்கள் அதில் பங்கேற்றனர். பெருஞ்செல்வர் எவருடைய ஆதரவையும் எதிர்பாராமல், பெரிதும் கலைஞர்களின் சொந்த உழைப்பாலேயே இது உருவானது. முதலில் கூரைக் குடிசைகளே இருந்தன. வீடுகளும் பட்டறைகளும் கண்காட்சிக் கூடமும் படிப்படியாக எழுந்தன. பணிக்கர் தாமும் ஓய்வுக்குப்பின் இங்கேயே வாழ்ந்து வரைந்தார்.

சுல்தான் அலி, எம். சேனாதிபதி, எஸ். ஜி. வாசுதேவ், கே. வி. ஹரிதாசன், பி. கோபிநாத், சிற்பி எஸ். நந்தகோபால் முதலியோர் இக்கிராமத்தோடு தொடர்புடையவர்கள். நந்தகோபால் பணிக்கரின் மகன் ஆவார். அக்கித்தம் நாராயணன், வி. விசுவநாதன் ஆகியோர் பின்னர் பாரிஸ் நகரில் குடியேறினர்.

இம்முயற்சி எல்லாருக்கும் ஒரேபோல் கைகொடுத்தது எனக் கூற இயலாது. கைவினைக்கும் கலைக்கும் நேரத்தைப் பங்கிடுவது எளிதாக இருக்கவில்லை. சிலர் கிராமத்தை விட்டு வெளியேறினர். பணிக்கரின் மாணவரும் கனவுலகம் போன்ற கோட்டோவியங்களுக்காகப் பெயர்பெற்றவருமான கே. ராமானுஜம் இக்கிராமத்தில் வாழ்ந்து வரைந்தார். அவர் 1973 இல் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். வேலை செய்ய இடமும் உடன் உழைப்போரும் இருந்தும் காக்க முடியாத துன்பம் உண்டு என்பதை அவருடைய முடிவு காட்டுகிறது.

ஓவியப் பணி

பணிக்கர் தொடக்கத்தில் இயற்கைக் காட்சிகளையும் பின்னர் மனித உருவங்களையும் வரைந்தார். 1954 இல் ஐரோப்பாவுக்குச் சென்றார். இலண்டனிலும் பாரிசிலும் இவருடைய ஓவியங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. 1963 முதல் வரையப்பட்ட 'சொற்களும் குறியீடுகளும்' என்ற வரிசை இவருடைய முதன்மைப் படைப்பாகக் கருதப்படுகிறது. மலையாள எழுத்துகளைப் போன்ற வரிவடிவங்கள், சாதகக் கட்டங்கள், கணிதக் குறிகள், பறவை விலங்கு உருவங்கள் ஆகியவை இவ்வோவியங்களில் கலந்து வருகின்றன. அவ்வெழுத்துகள் படித்துப் பொருள் கொள்வதற்கானவை அல்ல. காட்சி வடிவங்களாகவே அமைந்தவை.

மறைவும் தாக்கமும்

பணிக்கர் 1977 ஜனவரியில் சென்னையில் காலமானார். திருவனந்தபுரத்தில் இவர் பெயரால் அமைந்த கூடத்தில் இவருடைய ஓவியங்கள் வைக்கப்பட்டுள்ளன. சோழமண்டலத்தில் 2009 இல் சமகாலக் கலை மையம் திறக்கப்பட்டது. மெட்ராஸ் இயக்கத்தைச் சேர்ந்தோரின் படைப்புகளை அங்கே காணலாம்.

கிராமத்தில் கைவினையின் பங்கு காலப்போக்கில் குறைந்து, ஓவியங்களையும் சிற்பங்களையும் விற்றே வாழ முடிந்தவர்கள் பெருகினர். கைவினை கலைஞனுக்கு ஓர் ஊன்றுகோல் என்று கருதிய பணிக்கரின் நோக்கம் ஈடேறியதற்கு இதுவும் ஓர் அடையாளம் ஆகும்.